மனைவியை இழந்த பின் தியானத்தில் அமர்ந்தால் துக்கம் பெருகுகிறது: பௌத்தப் பயிற்சி மறக்கச் சொல்கிறதா?

காவிரிக்கரை (கேள்வி):

வணக்கம். பௌத்தப் பயிற்சியில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பதால், வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

என் மனைவி மறைந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சிறுநீரகம் செயலிழந்ததால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்று, நான்கு மணி நேரம் வெளியே காத்திருந்து அழைத்து வருவேன். திரும்பும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து உறங்குவாள். இன்றும் அந்த நாள்களில் நான்கரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்த பிறகுதான் போக வேண்டிய இடம் எதுவுமில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

நண்பர் ஒருவர் ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் தியானத்தை, எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் இருபது நிமிடம் அமர்கிறேன். ஆனால் ஐந்து நிமிடம் ஆவதற்குள் என் மூச்சு அவளுடைய மூச்சாக மாறிவிடுகிறது. கடைசி இரவில் அவள் படுக்கையருகே அமர்ந்து, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே எத்தனை நொடிகள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியதும் அந்த எண்ணிக்கைதான் தொடங்குகிறது; உடல் நடுங்கி எழுந்துவிடுகிறேன். நான் தவறாகச் செய்கிறேனா?

இன்னொன்றும் உண்டு. அவளுடைய அண்ணன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னைத் தேற்றுவதாக எண்ணி மணிமேகலையிலிருந்து, "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம், பற்றின் வருவது முன்னது" என்று சொன்னார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு; ஆயினும் அந்தக் கணத்தில் கடுங்கோபம் வந்தது. 31 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த அன்பைப் பற்று என்று பெயரிட்டு, அதுதான் உன் துன்பத்துக்குக் காரணம் என்று சொல்வதுதான் புத்தரின் வழி என்றால், அந்த வழியில் எனக்கு இடமில்லை என்று தோன்றிவிட்டது. அவளை மறக்க எனக்கு விருப்பமில்லை.

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நண்பர் சொல்கிறார். போகலாமா?

பாலி கற்பவன்:

ஐயா, உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். தியான முறையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் வருவார்கள். உங்கள் கோபத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபம் பௌத்த நூல்களுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது.

மஜ்ஜிம நிகாயம் என்ற பாலித் தொகுப்பின் 87ஆம் சுத்தம் (புத்தரின் உரை) ஒரு தகப்பனைப் பற்றியது. ஒரே மகனை இழந்த அவர் உண்பதுமில்லை, வேலைக்குச் செல்வதுமில்லை, சுடுகாட்டுக்குப் போய், "என் ஒரே மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று கதறிக்கொண்டிருந்தவர் ஒருநாள் புத்தரிடம் வருகிறார். அன்புக்குரியவர்களிடமிருந்தே துயரமும் புலம்பலும் பிறக்கின்றன என்று புத்தர் சொல்கிறார். அந்தத் தகப்பன் அதை ஏற்கவில்லை. அன்புக்குரியவர்களிடமிருந்து பிறப்பது மகிழ்ச்சி அல்லவா என்று மறுத்துவிட்டு, மனம் வெறுத்து எழுந்து போய்விடுகிறார். போகும் வழியில் சூதாடிக்கொண்டிருந்தவர்களிடம் இதைச் சொல்ல, அவர்கள் அவர் சொல்வதே சரி என்கிறார்கள். அவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டதாகவோ தெளிவு பெற்றதாகவோ அந்தச் சுத்தத்தில் ஒரு வரிகூட இல்லை. தம் ஆசிரியரின் சொல் ஒரு துயரப்பட்ட மனிதரிடம் எடுபடாமல் போனதை அந்தச் சீடர்கள் மறைக்காமல் ஓதி, எழுதி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது மிகப் பெரிய நேர்மை.

கதை அங்கே முடியவில்லை. அந்தச் சொல் கோசல நாட்டு மன்னர் பசேனதியின் காதுக்கு எட்டுகிறது. அவருக்கும் அது பிடிக்கவில்லை. அரசி மல்லிகாதான் அவருக்கு விளக்குகிறார். நம் மகள் வஜீரி உங்களுக்கு அன்புக்குரியவளா, அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் உங்களுக்குத் துயரம் வராதா என்று கேட்கிறார். மகளை நேசிக்காதே என்று அவர் சொல்லவில்லை. நேசிப்பவருக்குத் துயரம் வந்தே தீரும் என்பதை மட்டுமே சொல்கிறார். பிறகு அங்குத்தர நிகாயம் என்ற மற்றொரு தொகுப்பின் ஐந்தாம் தொகுதியில் (5.49) அதே பசேனதி புத்தரின் அருகே அமர்ந்திருக்கும்போது, ஒருவர் வந்து அவர் காதில் மல்லிகா இறந்துவிட்டார் என்று சொல்கிறார். மன்னர் தோள்கள் சரிந்து, தலை கவிழ்ந்து, பேச்சற்று உட்கார்ந்துவிடுகிறார். துயரத்தைப் பற்றி அவருக்கு விளக்கிய அந்த மனைவியே போய்விட்டார். முன்பே விளங்கியிருந்தும் தோள் சரிந்துதான் போயிற்று.

அப்போது புத்தர் சொன்னவற்றில் ஒரு பகுதியை நான் என் தந்தை இறந்த ஆண்டு மனப்பாடம் செய்தேன். பாராயணத்தாலோ, நல்லுரையாலோ, தானத்தாலோ, குல வழக்கத்தாலோ எவ்வகையில் நன்மை கிட்டுமோ அவ்வகையில் முயலட்டும், எவராலும் பெற முடியாதது இது என்று தெரிந்த பின், "இப்போது நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுத் தாங்கிக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. நம்பிக்கை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அந்தக் கேள்விதான். அது இறந்தவரைத் திருப்பித் தருவதில்லை. இன்றைய நாளைத் திருப்பித் தருகிறது.

புத்தர் இறக்கும் தறுவாயில் அவருடைய அணுக்கச் சீடர் ஆனந்தர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுததும், புத்தர் அவரை அழைத்து நிலையாமையை நினைவூட்டிய கையோடு, அவர் இத்தனை காலம் அன்போடு செய்த பணிவிடையைப் போற்றியதும் நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அதிகம் பேசப்படாத இன்னொன்றைச் சொல்கிறேன். தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் மறைந்த பின் பிக்குகளின் அவையைப் பார்த்து, இந்த அவை எனக்கு வெறுமையாகத் தோன்றுகிறது என்று புத்தர் சொல்கிறார் (சம்யுத்த நிகாயம் 47.14). ததாகதருக்கு (புத்தருக்கு) துயரமோ புலம்பலோ இல்லை என்று அதே சுத்தம் அடுத்துக் கூறுகிறது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த வெறுமையை அவர் பார்க்காமல் இருக்கவில்லை.

உங்கள் மைத்துனர் சொன்ன வரிகளுக்கும் ஒரு முன்பகுதி உண்டு. கோவலனை இழந்த மாதவி பௌத்தத் துறவியான அறவண அடிகளின் காலில் விழுந்து, உளம் மயங்கி, காதலன் உற்ற கடுந்துயரைச் சொன்ன பிறகே அவர் அந்த உண்மையைச் சொல்கிறார். சொல்லிவிட்டு ஐவகைச் சீலத்தையும் உய்யும் வழியாகக் காட்டுகிறார். முதலில் அவர் கேட்டார். உங்கள் மைத்துனரும் தங்கையை இழந்தவர் என்பதால், அவர் தமக்கே அதைச் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்றும் எனக்குத் தோன்றுகிறது.

முற்றத்து வேம்பு:

அண்ணா, வணக்கம். 11 ஆண்டுகளுக்கு முன் என் மகனைச் சாலை விபத்தில் இழந்தேன். அவனுக்கு 19 வயது. ஆகவே இதை எழுதும் உரிமை எனக்கு இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

நீங்கள் தவறாக எதையும் செய்யவில்லை. உங்களுக்கு மூச்சு இப்போது பொருத்தமான இடமன்று, அவ்வளவுதான். மூச்சைப் பற்றிக்கொள்வது பெரும்பாலானவர்களுக்கு அமைதி தரும். ஆனால் ஒருவர் கடைசியாகக் கண்ணில் கண்டதே மூச்சு அடங்குவதாக இருந்தால், அவரிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது காயத்தின்மீது அமரச் சொல்வதற்குச் சமம். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கண்ணையும் மூட வேண்டாம்.

பத்து நாள் முகாமைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். விபாசனா ஆசிரியர் கோயங்கா அவர்களின் முறையில் நடக்கும் முகாமில் விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் அமர்வு. ஒன்பது நாள் முழு மௌனம். முதல் மூன்று நாள் மூச்சு மட்டுமே. மகன் போன ஐந்தாம் மாதத்தில் நான் போனேன். விண்ணப்பத்தில் மனநிலை பற்றிக் கேட்டிருந்ததை முழுமையாக எழுதாமல் விட்டது என் பிழை. மூன்றாம் நாள் இரவு என்னால் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. பேசவும் ஆளில்லை என்ற அச்சம் வேறு. ஆசிரியையிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் போய்ப் பத்து நாளும் இருந்தேன். அது எனக்கு மிகுந்த நன்மை செய்தது. முகாம் நல்லது. எட்டாம் மாதத்தில், மூச்சே நடுக்கம் தரும் நிலையில், உங்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

இடைப்பட்ட காலத்தில் என்னைத் தாங்கியவர் புத்தர் காலத்துப் பிக்குணியான பட்டாசாரை. கணவனைப் பாம்பு கடித்து, இரண்டு குழந்தைகளையும் இழந்து, பிறந்த வீடு இடிந்து பெற்றோரும் உடன்பிறந்தவனும் ஒரே நாளில் போய், ஆடை நழுவியதும் தெரியாமல் அலைந்தவர் என்று உரைநூல்கள் சொல்கின்றன. புத்தர் தங்கியிருந்த ஜேதவனத்துக்குள் அவர் வந்தபோது தடுத்தவர்களை விலக்கி, புத்தர் சொன்ன முதல் சொல், "தங்கையே, நினைவைத் திரும்பப் பெறு" என்பதே. ஒருவர் தம் மேலாடையை எறிந்து போர்த்திக்கொள்ளச் செய்தார். உபதேசம் அதற்குப் பிறகுதான். பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரீகாதையில் பட்டாசாரையே தம் விடுதலையைச் சொல்லும் பாடலில் மூச்சைப் பற்றிய பேச்சே இல்லை. கால் கழுவிய தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்தேன், மனம் நிலைத்தது. பிறகு அறைக்குள் போய் விளக்கின் திரியை ஊசியால் இழுத்தேன், விளக்கு அணைந்தது என்கிறார். காலில் ஊற்றிய தண்ணீரும் ஒரு விளக்கும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. பின்னாளில் பிள்ளைகளை இழந்த பெண்கள் அவரிடம்தான் வந்தார்கள்.

ஆகவே நீங்கள் நடந்து பாருங்கள். வீட்டுக் கூடத்திலோ மாடியிலோ பதினைந்து அடி தூரம் போதும். கண் திறந்திருக்கட்டும். அழுகை வந்தால் நின்று அழுதுவிட்டு மறுபடியும் நடக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் முதல் மாதத்தில் வேண்டாம்.

மைத்ரி தியானமும், அதாவது பிறர் நலமாக இருக்கட்டும் என்று அன்போடு எண்ணும் தியானமும், செய்யலாம். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. இறந்தவரை நோக்கி மைத்ரியைப் பயில வேண்டாம் என்று விசுத்தி மார்க்கம் என்ற பழைய தியான நூல் சொல்கிறது. முதலில் எனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. மைத்ரி உயிரோடிருப்பவர்களுக்கு, மறைந்தவர்களுக்கு நாம் செய்த நற்செயலின் புண்ணியத்தைப் பகிர்வது என்று இரண்டையும் மரபு வேறுபடுத்தி வைத்திருப்பது பிறகு புரிந்தது. அதனால் நான் என் மகனின் நண்பர்கள் ஒவ்வொருவரையும் நினைத்து மைத்ரி செய்வேன். அவன் பெயரில் மாதம் ஒருமுறை அன்னதானம் செய்து அந்தப் புண்ணியம் அவனைச் சேரட்டும் என்று சொல்வேன்.

இரவுப்பணி:

நான் செவிலியராக நோய்த்தணிப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். மேலே சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கண்ணை மூடினால் அந்த இரவு அப்படியே திரும்ப வருவதும் உடல் நடுங்குவதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள். உறக்கமும் உணவும் தொடர்ந்து குறைந்தாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மருத்துவரைப் பார்ப்பதால் தியானம் தோற்றுவிட்டது என்று பொருளாகாது.

காவிரிக்கரை:

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் தகப்பன் எழுந்து போனதைப் படித்தபோது, எட்டு மாதத்தில் முதன்முறையாக யாரோ என் பக்கத்தில் அமர்ந்ததுபோல் இருந்தது. வரும் திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்க மகன் ஏற்பாடு செய்திருக்கிறான்.

ஒன்றை மறைத்துவிட்டேன். தினமும் காலையில் அவளுக்கும் ஒரு டம்ளர் காப்பி போட்டு அவள் உட்காரும் நாற்காலியருகே வைக்கிறேன். நேற்று இன்னார் வந்தார், கீழ் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்றெல்லாம் சொல்கிறேன். மகன் பார்த்துக் கவலைப்படுகிறான். இது பற்றா? இதை நிறுத்தினால்தான் முன்னேற்றமா?

சென்டாயில் இருந்தவன்:

ஐயா, வேலை நிமித்தமாக நான் ஜப்பானில் மியாகி மாநிலத்தில் ஆறு ஆண்டுகள் வசித்தேன். நீங்கள் செய்வதை அங்கே பௌத்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

அங்கே பல வீடுகளில் புத்சுதான் என்ற மரத்தாலான சிறு வழிபாட்டு மாடம் இருக்கும். அதில் மறைந்தவரின் பெயர் பொறித்த பலகை, அருகே புகைப்படம். காலையில் சமைத்த சோற்றில் முதல் கிண்ணமும் தேநீரும் அங்கே வைக்கப்படும். ஊதுவத்தி ஏற்றி, சிறு மணியை ஒலித்து, வீட்டுச் செய்திகளைச் சொல்வார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மூதாட்டி, பேரன் தேர்வில் வென்ற செய்தியை எங்களுக்கு முன் கணவரிடம்தான் சொன்னார். ஆகஸ்ட் மாதத்தில் ஓபோன் நாள்களில் முன்னோர் வீட்டுக்கு வருவதாகக் கருதி வரவேற்று, முடிவில் விளக்கேற்றி வழியனுப்புவார்கள். அனுப்பிவிடுவதும் அதில் ஒரு பகுதி என்பதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த ஆண்டு மறுபடி அழைக்கலாம் என்பதால் அனுப்புவது எளிதாகிறது.

2011 மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 18,000 பேருக்கு மேல். வீடிழந்தவர்கள் இடிபாடுகளுக்குள் அந்தப் பெயர்ப்பலகைகளைத் தேடினார்கள். குரிஹாரா என்ற ஊரில் சோட்டோ ஜென் மரபைச் சேர்ந்த ஒரு கோயிலின் தலைமைக் குருவாக இருந்தவர் கானெதா தையோ. இறந்தவர்களுக்காகச் சடங்கு செய்யும் 49ஆம் நாளில் அவரும் வேறு குருமார்களும் ஒரு கிறித்தவப் போதகரும் பேரலை அழித்த கடலோரத்தில் நடந்தார்கள். கடலைப் பார்த்து நின்று சூத்திரம் ஓத முயன்றபோது வழக்கமான குரல் எழவில்லை. வாழ்நாள் முழுவதும் ஈமச் சடங்கு செய்தவர்களுக்கே அந்த நிலை. அதன் பிறகு அவர் உபதேசத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, தற்காலிகக் குடியிருப்புகளுக்குக் காப்பியும் கேக்கும் எடுத்துச் சென்று, வருபவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கஃபே தெ மாங்க்" என்பது அதன் பெயர். துறவி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும், மனக்குறை என்று பொருள்படும் "மொங்கு" என்ற ஜப்பானியச் சொல்லும் அதில் சேர்ந்து ஒலிக்கின்றன. உங்கள் மனக்குறையைச் சொல்லுங்கள், நாங்களும் உடன் குறைப்பட்டுக்கொள்கிறோம் என்பதே அழைப்பு.

காப்பி வைப்பது நிற்க வேண்டும் என்று நான் எண்ணவில்லை. வைத்த காப்பியை என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். ஜப்பானில் மாடத்தில் வைத்த சோற்றை வீணாக்காமல் பிறகு வீட்டார் உண்பார்கள். படையல் மீண்டும் உயிரோடிருப்பவர்களிடம் வந்து சேரும்.

காவிரிக்கரை:

இதுவரை ஆறிய காப்பியைத் தொட்டியில் ஊற்றிவந்தேன். இன்று குடித்தேன். அவளுக்குச் சர்க்கரை போடாத காப்பி, கசந்தது.

"இப்போது நான் என்ன செய்யட்டும்" என்ற கேள்வியை நேற்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை எப்படியும் நான்கரை மணிக்கு விழிப்பு வரும். டயாலிசிஸ் நடக்கும் இடத்தின் வெளியே அந்த நேரத்தில் காத்திருப்பவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி கிடைக்காது. உணவகம் திறக்க ஏழு மணி ஆகும். நானே பலமுறை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறேன். பத்துப் பேருக்கு இட்லி கட்டி எடுத்துப் போகலாமா என்று தோன்றுகிறது. அந்த வாசலுக்குள் என்னால் நுழைய முடியுமா என்பது தெரியவில்லை.

தங்கைக்கு ஒரு கேள்வி: நடக்கும்போது மூச்சு தானாக நினைவுக்கு வந்தால் என்ன செய்வது?

முற்றத்து வேம்பு:

மூச்சு வரட்டும் அண்ணா, விரட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் பாதத்துக்குத் திரும்பிவிடுங்கள். செருப்பில்லாமல் நடந்தால் எளிது. தரை குளிர்ந்திருந்தால் குளிர், சொரசொரப்பாக இருந்தால் சொரசொரப்பு, குதிகால் படுகிறது, விரல் படுகிறது. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எண்ணிக்கை மட்டும் எதிலும் வேண்டாம், அடிகளைக்கூட எண்ணாதீர்கள்.

இட்லி கட்டாயம் கட்டுங்கள். வாசல்வரை போய்க் கால் வராவிட்டால் பொட்டலங்களை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டு வெளியே நில்லுங்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் இருக்கிறது.